மஞ்சள் துணியில் இரண்டு நார்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சரசு எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். நான் கொச்சையாகச் சொல்வதை நல்ல தமிழாக்கிப் போடுவதாகச் சொல்கிறாள். போடட்டும், விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆஸ்பத்திரியில் கரண்டு ரூம் வாசலில் ஒரு நீளமான பெஞ்சு இருக்கிறது. அதில் முதல் நாள் வந்து உட்காருகிறவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். உள்ளே என்ன செய்வார்கள் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். இப்போது நான் நன்றாக இருக்கிறேன். பேசுகிறேன். சரசுவைக் கேட்டால் அதிகமாகவே பேசுகிறேன் என்பாள். அதனால் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டி எனக்குப் பூக்கடை. கடை என்றால் ஒரு கூடை, ஒரு மணை, வெயிலுக்கு ஒரு குடை. வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு பூக்கட்டுவேன். முப்பது வருஷத்துப் பழக்கம். அந்தக் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. உடைந்த பல் குத்துகிறது என்று நினைத்தேன். குழந்தைகள் வாயில் தடவும் ஊதா மருந்தைத் தடவினேன். மாசிக்காய் உரசிப் போட்டேன். நாலு மாதம் ஆகியும் ஆறவில்லை. பிறகு தாடைக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. கோபாலபுரத்தில் நான் வாடிக்கையாகப் பூக்கொடுக்கும் வீட்டு அம்மாதான் அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லன்னு நீயா சொல்லிக்காத. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்கள். வலியே இல்லாத கட்டிக்கு ஆஸ்பத்திரியா என்று சிரித்தேன். வலிக்காததுதான் கெட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் சதைப் பரிசோதனை. புண்ணிலிருந்து மிளகளவு சதையைக் கிள்ளி எடுத்து, மெல்லிசாக அறுத்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரம் எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். முடிவு கேட்க நானும் என் மகன் முருகனும் பஸ்ஸில் போனோம். அவன் தி.நகரில் ஜவுளிக்கடையில் துணி எடுத்துப்போடுகிறவன்; ஒரு நாள் லீவு கேட்டாலும் முதலாளிக்கு முகம் சுருங்கும். டாக்டர் அறைக்குள் அவனை மட்டும் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவன், "ஒண்ணும் இல்லம்மா, சின்னப் புண்ணுதான்" என்றான். கேட்டுக்கு வெளியே வந்ததும் சைக்கிள் ரிக்‌ஷாவைக் கை தட்டிக் கூப்பிட்டான். பஸ்ஸில் வந்தவளை ரிக்‌ஷாவில் ஏற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த தடவை நானே டாக்டரிடம் கேட்டுவிட்டேன். பெரிய டாக்டர் நல்ல மனுஷர். எதையும் மறைக்காமல் சொன்னார். வாயில் இருப்பது புற்றுநோய், கழுத்துக்கட்டி அதன் பிள்ளை என்றார். கரண்டு வைப்பது ஒரு வழி, கத்தி வைப்பது இன்னொரு வழி. கரண்டு என்று நாம் சொல்கிறோமே தவிர அது விளக்கு எரிகிற கரண்டு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர். அது பட்டுப் பட்டு கட்டி கரைய வேண்டும். சிலருக்கு வெல்லம் மாதிரி கரையும், சிலருக்கு அசையாது.

"யாருக்குக் கரையும்னு முன்னாலேயே தெரியாதா நைனா?" என்று கேட்டேன்.

"ஓரளவுக்குச் சொல்லலாம் பாட்டி. வெளியில பூ மாதிரி விரிஞ்சு வளர்றது சீக்கிரம் கரையும். உள்ள குடைஞ்சுக்கிட்டுப் போறது பிடிவாதம் பிடிக்கும். உங்களோடது குடையிற ஜாதி. எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு."

"பூக்காரி வாயில பூ மாதிரி வளரத் தெரியல பாருங்க அதுக்கு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

பதினைந்து நாள் கரண்டு வைத்துப் பார்ப்பார்களாம். கட்டி நன்றாகக் குறைந்திருந்தால் இன்னும் பதினைந்து. குறையாவிட்டால் நிறுத்திவிட்டு, இடது பக்கத் தாடை எலும்போடு எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிடுவார்கள். பேச்சு வருமா என்று கேட்டேன். "கஷ்டம். பழகணும்" என்றார். நாள் முழுவதும் "மல்லி, மல்லி" என்று கூவுகிறவள் நான். என் புருஷன் உயிரோடு இருந்தபோது, தூங்கும்போதாவது வாயை மூடேன் என்பார். பாதித் தாடையோடு நான் என்ன செய்வேன்? அன்றிலிருந்து எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். சாவைக்கூட அவ்வளவாக நினைக்கவில்லை.

உடனே கரண்டு வைக்கவில்லை. கெட்ட பல்லெல்லாம் முதலில் பிடுங்க வேண்டும், கரண்டு பட்ட பிறகு பிடுங்கினால் புண் ஆறாது என்றார்கள். ஏழு பல் போனது. அந்தப் புண் ஆற மூன்று வாரம். இந்த மூன்று வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் டாக்டர் சீட்டில் அளந்து எழுதியபோது நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டி, அந்த மூன்று வாரத்தில் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது.

கரண்டு தொடங்கும் நாளில் பெரிய டாக்டர் என் கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டார். கரண்டு படவேண்டிய இடத்துக்கு ஒரு சதுரம். அதற்குள் கட்டியின் ஓரத்தைத் தடவித் தடவி அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"இந்த வட்டம்தான் நமக்குக் கணக்கு. பதினஞ்சு நாள் கழிச்சு வட்டத்துக்கும் கட்டிக்கும் நடுவில எவ்வளவு இடம் விழுந்திருக்குன்னு பார்ப்போம். தண்ணி படக்கூடாது, மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது" என்றார்.

சரசுவோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் பட்டினப்பாக்கத்து மீன்காரி அஞ்சலை. அவளுக்கும் அன்றுதான் முதல் நாள், அதே இடது கன்னம், அதே மாதிரி கழுத்துக்கட்டி. என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"இன்னாக்கா, உனுக்கும் பொட்டு வெச்சிட்டாங்களா? இப்பிடியே போனா மாட்டுச் சந்தையில வித்துடுவாங்க" என்றாள்.

அவளுடையது பூ மாதிரி விரிந்த ஜாதி என்றும், நிச்சயம் கரையும் என்றும் டாக்டர் சொன்னாராம். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்.

எங்கே போனாலும் சரசுவின் பையில் ஒரு பிடி வாழைநார் இருக்கும். உட்கார்ந்த இடத்தில் நாலு முழம் கட்டிவிடலாம் அல்லவா. அதில் ஒன்றை எடுத்து, மை படாமல் கட்டியின் அடியைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு முனையும் சேரும் இடத்தில் நகத்தால் கிள்ளி அறுக்கச் சொன்னேன். அது அம்மனுக்கு வேண்டுதல். இந்த நார் அளவுக் கட்டி ஒன்றுமில்லாமல் போனால் உன் உயரத்துக்குச் சரம் கட்டிச் சாத்துகிறேன் என்று, ஒரு ரூபாய்க் காசோடு மஞ்சள் துணியில் முடிந்துவைப்பது. அஞ்சலை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யக்கா, எனுக்கும் ஒண்ணு அளந்து போடு. அம்மனுக்கு ரெண்டு பேர ஒண்ணா பாக்கறதுக்கு இன்னா கஷ்டம்?"

அவளுக்கும் அளந்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். அவளுடையது எது என்று தெரிய அதன் முனையில் ஒரு முடிச்சுப் போட்டாள் சரசு. இரண்டையும் ஒரே துணியில் முடிந்தோம். அந்த முடிச்சை அம்மன் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்த்தால் வேண்டுதல் கலைந்துபோகும்.

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஒரு மேஜையில் படுக்கவைத்து, தலை ஆடாமல் இரண்டு பக்கமும் மணல் பை வைப்பார்கள். மேலே ஒரு இரும்புத் தலை குனிந்து பார்க்கும். கரண்டு வைக்கிற தம்பி "அசையாத ஆயா" என்று சொல்லிவிட்டு வெளியே போய், கோட்டைக் கதவு மாதிரி ஒன்றை மூடிவிடுவார். தனியாக இருக்க வேண்டும். ஒரு சத்தம், பிறகு மெல்லிய இரைச்சல். சுடாது, குத்தாது. ஒரு முழம் மல்லி கட்டும் நேரம்தான். நான் மனதுக்குள் பூக்கட்டிக்கொண்டிருப்பேன்.

கஷ்டம் பத்து நாளுக்குப் பிறகுதான். எச்சில் வற்றிப்போனது. வாயெல்லாம் கொப்புளம். கழுத்துத் தோல் கத்தரிக்காய் நிறமானது. சோறு மண்ணாக இருந்தது. சரசு கஞ்சியைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அதே கஞ்சியைக் குடிப்பாள், குழம்பு வாசனை எனக்கு ஏக்கமாக இருக்கக்கூடாது என்று. முருகன் ஒருநாள் ரோஸ் மில்க் வாங்கி வந்தான். ருசியே தெரியவில்லை. "நல்லா இருக்குடா" என்றேன். அவனுக்கும் நான் சொன்னது பொய் என்று தெரியும். தம்ளரைக் கழுவப் போனவன் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

பதினைந்தாவது கரண்டு வெள்ளிக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை பார்ப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்துக் கூடைக்காரர் ஏகாம்பரம் இறந்துபோனார். இருபது வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்தவர். என் குடை கிழிந்தால் அவர் குடையை என் பக்கம் சாய்ப்பார். போகாமல் எப்படி இருப்பது? போனேன், அழுதேன். திரும்பி வந்ததும் வாசலிலேயே தலையில் இரண்டு குடம் ஊற்றிக்கொண்டேன். சாவு வீட்டுக்குப் போய்வந்த கையால் சாமிக்குப் பூக்கட்ட முடியாது. ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவோம். கை தானாகச் செய்கிற வேலை. தலையைத் துவட்டும்போதுதான் துணியில் ஊதா நிறத்தைப் பார்த்தேன்.

சதுரத்தின் மூலைகள் லேசாகத் தெரிந்தன. வட்டம் சுத்தமாகப் போய்விட்டது.

"அத்தை, கோடு அழிஞ்சா மறுபடியும் முதல்லேர்ந்து கரண்டு வைப்பாங்களாம். பெஞ்சுல பேசிக்கினாங்க" என்றாள் சரசு.

இன்னொரு பதினைந்து நாள் என்னால் தாங்க முடியாது. மருந்துக் கடையில் ஊதா மருந்து வாங்கி வரச் சொன்னேன். சரசுவுக்குக் கோலம் போடுகிற கை. ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, மூலைகளைச் சேர்த்துச் சதுரம் போட்டாள். பிறகு கட்டியின் ஓரத்தைத் தடவித் தடவி வட்டம் போட்டாள். டாக்டர் போட்டதைவிட அழகாக இருந்தது.

திங்கட்கிழமை அஞ்சலையைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்: "முக்கால்வாசி பூட்ச்சாம்க்கா. டாக்டரு சொன்னது சொன்னபடி." கழுத்தைத் தடவிக் காட்டினாள். வட்டத்துக்குள் கட்டி சுண்டைக்காயாக இருந்தது.

அடுத்து நான். பெரிய டாக்டர் கட்டியைத் தடவினார். வட்டத்தைப் பார்த்தார். கவராயம் மாதிரி ஒன்றால் அளந்தார். சீட்டைப் புரட்டி, முதல் நாள் எழுதியதைப் பார்த்தார்.

"கரையல பாட்டி. வட்டம் அப்படியே இருக்கு. முதல் நாள் அளவும் இதேதான். நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு" என்றார். "கரண்டை நிறுத்திடலாம். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் படுக்கை போடச் சொல்றேன்."

வெளியே வந்தேன். முருகனை எப்படி மறுபடியும் லீவு போடச் சொல்வது என்று யோசித்தேன். என் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கே மறந்துவிடுமா என்றும் யோசித்தேன். சரசுவின் கை திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அத்தை. அது டாக்டரு போட்ட வட்டம் இல்ல. நான் போட்ட வட்டம். நேத்து இருந்த கட்டிய சுத்தித்தானே நான் போட்டேன். அப்புறம் எப்பிடி எடம் விழும்?"

"சீட்டுலயும் அப்பிடியேதான் இருக்குதாமே."

"சீட்டு பல்லு புடுங்கறதுக்கு முன்ன எழுதினது. அப்புறம்தானே பெருசாச்சி."

கட்டியைத் தடவிப் பார்த்தேன். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நார் நினைவு வந்தது. மஞ்சள் துணி என் இடுப்பில் செருகியிருந்தது.

"அவுக்கக் கூடாதுடி" என்றேன். "என்னுது மட்டும்னா சரி. அஞ்சலையோடதும் அதுலதானே கீது."

அஞ்சலை கேட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"தாடைய அறுத்துகினு போயி அம்மன்கிட்ட இன்னா பேசுவ நீ? அவுறுக்கா. எனுக்குதான் கரைஞ்சி பூட்ச்சே. என்னுது ஆனாப்பலதான்."

"வேண்டுதல் கலைஞ்சிடுமே அஞ்சல."

"கலைஞ்சா திருப்பி முடி. உன் மருமவ கைலதான் நாரு இல்லாத நாளு இல்லியே."

அவளே என் இடுப்பிலிருந்து துணியை உருவி, பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள்.

மூன்று பேரும் உள்ளே போனோம். குளித்ததைச் சொன்னேன், வட்டம் போட்டதைச் சொன்னேன். நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை, எழுந்து வந்து, முடிச்சில்லாத நாரை வாங்கி, என் கட்டியைச் சுற்றிப் பிடித்தார். இரண்டு முனையும் ஒன்றையொன்று தாண்டி இரண்டு விரல்கடை போயின.

டாக்டர் யோசித்தார். "காய்ஞ்ச நார். காயும்போது நீளம் மாறுமா பாட்டி?"

இதில் நான் டாக்டர். "சுருங்கும் நைனா. ஈரத்துல அளந்தது காஞ்சா கொஞ்சம் குறையும். நீளாது. எந்தக் காலத்துலயும் நீளாது."

"அப்ப முதல்ல இதைவிடப் பெரிசாத்தான் இருந்திருக்கு." அவர் நாரை மறுபடியும் வைத்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் புண்ணைத் தடவினார். "பாதிக்கு மேல கரைஞ்சிருக்கு. உங்க விஷயத்தில நான் சொன்னது தப்பு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். தான் தப்பாகச் சொன்னதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

என் நாரை அவர் கொடுக்கவில்லை. சீட்டில் ஒட்டவைத்துக்கொண்டார். அஞ்சலையின் நாரை மட்டும் காசோடு திரும்ப முடிந்தேன்.

அன்றிலிருந்து இன்னும் பதினைந்து கரண்டு. எனக்குக் கட்டி மறைந்தது, புண் ஆறியது. தாடை இருக்கிறது. எச்சில் இன்றுவரை சரியாக ஊறவில்லை, பக்கத்தில் சொம்பு இல்லாமல் கூவ முடியாது. ஆனால் கூவுகிறேன். இதை எழுதும்போதே சரசு இரண்டு தடவை, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க அத்தை" என்றுவிட்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

அஞ்சலைக்கும் முப்பது கரண்டு முடிந்தது. அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் மறைந்தது. ஒரு வருஷம் போகட்டும், சேர்ந்தே போய் அம்மன் முன்னால் அவிழ்க்கலாம் என்று அவள் நார் என் இடுப்பிலேயே இருந்தது. மறுபடியும் கூடை தூக்கினாள். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் மீன் கொண்டுவந்து என் பூக்கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் கத்துவதை ரசிப்பாள். எட்டு மாதம் கழித்து, அதே இடத்தில், அதைவிடப் பெரிதாகத் திரும்பி வந்துவிட்டது. கத்தி வைக்கும் நிலையையும் தாண்டிவிட்டது என்றார்கள்.

நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஒரே கன்னம், ஒரே மிஷின், ஒரே கணக்கு. கரையும் என்று சொன்னது திரும்பி வந்தது, கரையாது என்று சொன்னது போய்விட்டது. இது என்ன நியாயம் என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தெரியல பாட்டி. பார்த்தா ஒண்ணு மாதிரி இருக்கு. உள்ள வேற வேற. அது எதுன்னு முன்கூட்டியே பார்க்கிற கண்ணு எங்களுக்கு இன்னும் வரல. ஒவ்வொருத்தரையும் எழுதி வச்சுக்கிட்டே போறோம். பின்னால வர்றவங்களுக்காவது சொல்ல முடியணும்."

"நான் முடிச்ச அவுத்ததாலயா?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

"இல்ல" என்றார். நான் அதை நம்புகிறேன். சில நாள் நம்புவதில்லை.

கடைசியாக அஞ்சலையைப் பார்க்கப் பட்டினப்பாக்கம் போனபோது, பேச்சு குழறியது. காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன்.

"என் நாரு வெச்சிகினு கீறியா?"

இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். கட்டியைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு அது பத்தாதுக்கா" என்று சிரிக்கப் பார்த்தாள். சரசுவின் பையில் நீளமான நார் இருந்தது. நான் எடுக்கவில்லை. "இதுவே போதும்டி" என்றேன்.

பத்து நாளில் போய்விட்டாள். மாலை நான்தான் கட்டினேன், பூக்கூடையிலேயே உசந்த மல்லியில். கட்டி முடித்து இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் இடத்தில், மஞ்சள் துணியை அவிழ்த்து, முனையில் முடிச்சுப் போட்ட அந்த நாரைத் தண்ணீரில் நனைத்தேன். காய்ந்த நார் நனைத்தால்தான் வளையும். அதை வைத்து மாலையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டினேன்.

நீளம் சரியாக இருந்தது.